தொட்டிலைப் படித்த குரல்

பழைய வீடுதான், ஆனால் சத்தமில்லாத வீடு. காதை வைத்துப் பிழைப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? மின்நூல்களைச் செயலி ஒழுங்காக வாய்விட்டுப் படிக்கிறதா என்று கேட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. குரலை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாள். மற்றவர் காதுக்கு அது வெறும் இரைச்சல். தகரத்தில் மழை பெய்வதுபோல் இருக்கிறது என்று கணவன் கேலி செய்வான்.

குடிவந்த மறுநாள் மதியம். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. கடல் பயணக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கப்பல், காற்று, பாய்மரம். அதே மூச்சில் குரல் சொன்னது:

"தொட்டிலில் இருப்பது குழந்தை இல்லை."

எழுந்துபோய்த் தொட்டிலைத் தடவினாள். வெதுவெதுப்பான வயிறு, சின்ன விரல்கள். பிள்ளைதான். அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"தடவுகிறாள். அது மூச்சுவிட வேண்டுமென்று நினைவுபடுத்திக்கொள்கிறது."

பால் வாடை இல்லை. ஈரமண் வாடை அடித்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். இது நம்ம தொட்டிலைப் பத்தி என்னமோ படிக்குது."

கணவன் வந்தான். இரைச்சல் புரியாமல் வேகத்தைக் குறைத்தான். குரல் நிதானமாகக் கப்பலைப் பற்றிப் படித்தது.

"புத்தகத்துல அப்படி ஒரு வரியும் இல்லம்மா. வீடு மாத்துன அலுப்பு உனக்கு."

"பிள்ளையப் பாருங்க. நம்மளதுதானா?"

"என்ன பேச்சு இது? என் மூக்கு அப்படியே இருக்கு."

அவன் கண்ணால் பார்த்துச் சொல்கிறான். அவள் எதை வைத்து மறுப்பாள்? இன்னும் பேசினால் புத்தி பிசகிவிட்டது என்பான், பிள்ளையை அவளிடம் தனியே விடவும் யோசிப்பான். தொட்டில் துணியைச் சரிசெய்தாள்.

"இந்தக் கருவி இன்னிக்கு என்கிட்டயே இருக்கட்டும். நீ படு."

கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். வாசற்கதவு சாத்தப்பட்டது.

தொட்டில் சிணுங்கியது. பெற்ற மனம் கேட்கவில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அப்போது தரைக்கு அடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அவள் பிள்ளையின் குரல். அதில் அவள் காது தப்பாது.

குனிய முயன்றாள். கழுத்தைக் கட்டிய கை இறுகியது.

காதோரம் சின்ன வாய் திறந்து, அவளுக்கு மட்டுமே புரியும் வேகத்தில் படிக்கத் தொடங்கியது.

"அவளுக்குக் கேட்டுவிட்டது."