முதல் பன்

காலை ஆறு மணிக்கு அடுப்பிலிருந்து முதல் தட்டு வெளியே வந்ததும், அதில் ஒரு பன்னை வீட்டு மருமகள் பிய்த்துச் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் கடை ஷட்டர் ஏறும். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாமனார் வைத்த ஏற்பாடு அது. அவர் போன பிறகு மாமியார் அதைச் சட்டமாக்கிவிட்டாள். பதினாறு வருடம் ஒரு நாள் தவறாமல் தின்றுதான் மருமகள் நூற்றுப்பத்து கிலோ ஆனாள். தின்னச் சொன்னவளும் மாமியார்தான், 'பூசணி' என்று பெயர் வைத்தவளும் மாமியார்தான். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒன்பது வாரமாக அவள் பன்னைத் தொடவில்லை. வயிற்றைச் சிறிதாக்கி ஆபரேஷன் செய்திருந்தார்கள். முதலில் வெறும் தண்ணீர் ஆகாரம், பிறகு பால், பிறகு அரைத்துக் கூழாக்கியது என்று படிப்படியாக வந்து, இப்போதுதான் முட்டை, மீன் என்று மெத்தென்ற ஆகாரம் ஆரம்பித்திருந்தது. அன்று காலை சமையலறை மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, கைக்குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூனால் மசித்த முட்டையை எடுத்து மென்றுகொண்டிருந்தாள். ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். நெஞ்சுக்குக் கீழே லேசாக அழுத்தினால் ஸ்பூனை அப்படியே வைத்துவிட வேண்டும். ரொட்டியையும் பன்னையும் மட்டும் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சாப்பாட்டுப் பட்டியலில் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருந்தாள். "உள்ள போய் பசை மாதிரி உருண்டு அடைச்சுக்கும். நான் சொல்ற வரைக்கும் வாசனை பாக்கறதோட நிறுத்திக்குங்க."

"சின்ன ஸ்பூன், சின்னக் கிண்ணம்... இங்க என்ன சொப்பு விளையாட்டா நடக்குது?"

மாமியார் பன் தட்டோடு வந்து எதிரே நின்றாள்.

"உள்ள என் பொண்ணு ரெண்டு கிட்னியும் போய், வாரத்துல மூணு நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்து கிடக்கா. இந்த மகராசி மேனி மினுக்கறதுக்கு வயித்தை அறுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்கா."

"அம்மா, அவளுக்கு முழங்கால் வலி..." என்று அடுப்புப் பக்கத்திலிருந்து கணவன் இழுத்தான்.

"நீ வாயை மூடு."

அவன் மூடிக்கொண்டான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

முழங்கால் வலி என்பது வீட்டுக்குச் சொன்ன கதை. உண்மை வேறு. போன வருடம் நாத்தனாருக்கு மாற்றுக் கிட்னி வேண்டும் என்று ஆனபோது, மாமியாருக்கு வயது தடுத்தது, அண்ணன்காரனுக்கு ரத்தக் கொதிப்பு தடுத்தது. "நான் குடுக்கறேன் அத்தை" என்று சாப்பாட்டு மேஜையில் இவள்தான் சொன்னாள். "உன் உடம்புல கையை விட்டா கொழுப்புதாண்டி வரும்" என்று மாமியார் சிரித்தாள். நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். அதற்கப்புறம் இவள் வாய் திறக்கவில்லை. தனியாகப் போய்ச் சோதனை செய்துகொண்டாள். ரத்தம் ஒத்துப்போனது. "ஆனா இந்த எடையில கிட்னி எடுக்க உங்களை மேஜையில ஏத்த மாட்டேன். முப்பத்தஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க, மறுபடியும் எல்லா டெஸ்டும் பாப்போம்" என்றார் டாக்டர். முன்கூட்டியே சொல்லி, கடைசியில் நடக்காமல் போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால்தான் மூடி வைத்தாள். இதுவரை பதினெட்டு கிலோ குறைந்திருந்தது. இன்னும் பதினேழு.

"ஒன்பது வாரமா நீ வாயில வைக்கல, ஒன்பது வாரமா வியாபாரம் படுத்துக் கிடக்கு. இன்னைக்கு நீ தின்னாத்தான் ஷட்டர் ஏறும்" என்றாள் மாமியார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இது இப்ப எனக்கு ஆகாது. இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்குங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

உள்ளறையிலிருந்து நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் ஊதியிருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு.

"ஒரு வாய் தின்னுத் தொலைங்களேன் அண்ணி. ஆசைப்பட்டதைத் தின்ன முடியாம நான் சாகறேன். தின்ன முடிஞ்ச உங்களுக்கு இவ்வளவு திமிரா?"

யார் சொன்னாலும் தாங்கியிருப்பாள். இவள் சொன்னதுதான் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்ட அவள் வாய் திறந்து ஏதோ சொல்லப் போனபோது, மாமியார் பாதிப் பன்னை உள்ளே திணித்துவிட்டாள்.

மென்றுவிடப் பார்த்தாள். "என்னடி மாடு மாதிரி அசை போடற? முழுங்கு" என்று முதுகில் ஓர் அறை விழுந்தது. இறங்கியது இறங்கியபடி நெஞ்சுக்குக் கீழே நின்றது. மூச்சு விட்டால் வலித்தது. வாயெல்லாம் நுரையாக எச்சில் சுரந்தது.

"தண்ணி ஊத்தினா இறங்கிடும்" என்று மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் வாயில் சாய்த்தாள். அந்த வீட்டில் எது அடைத்தாலும் அதுதான் மருந்து. மேலே வந்த தண்ணீருக்கும் கீழே நின்ற பன்னுக்கும் நடுவில் அவள் துடித்துப்போய்த் தொட்டியில் குனிந்தாள்.

"நாடகக்காரி" என்று சொல்லிவிட்டு மாமியார் ஷட்டரைத் தூக்கப் போனாள்.

அன்று முழுக்க ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. குடிப்பாள், வரும். அதற்கு நடுவிலும் சாயங்கால மாவைப் பிசைந்து வைத்தாள் அந்தப் பாவி. "டாக்டர்கிட்டப் போகலாமாங்க?" என்று கணவனைக் கேட்டாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்றான் அவன். மறுநாள் காலை மாவு மூட்டை மேலேயே சரிந்து விழுந்த பிறகுதான் வண்டி பிடித்தான்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு உருண்டையை எடுத்தார்கள். டாக்டர் கணவனிடம் கத்தாத குறைதான். "ஒரு நாள் முழுக்கத் தண்ணி உள்ள போகல. கிட்னி திணறிப் போயிருக்கு. ட்ரிப்ஸ் ஏத்தறோம். ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

வராந்தாவில் மாமியார் அலுத்துக்கொண்டாள். "ஒரு பன்னு தின்னதுக்கு இத்தனை அமர்க்களமா?"

நாத்தனாருக்கு மெஷின் மாட்டுகிற நர்ஸ் அந்த வழியாக வந்தவள், முகம் தெரிந்து நின்றாள்.

"என்னம்மா இது? பொண்ணுக்குக் கிட்னி குடுக்கறதுக்காக வயித்தை அறுத்துக்கிட்டவங்களை இப்படியா பாத்துப்பீங்க? நீங்க யாருமே ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டவள், மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா..."

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஃபிளாஸ்க்கோடு கட்டிலருகே வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. மருமகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, என்னை மன்னிச்சுடு. நான் பாவி. சூப்பு வச்சுக் கொண்டாந்திருக்கேன், என் கையால ஊட்டறேன். இனிமே இது உன் உடம்பு மட்டும் இல்லடி, என் பொண்ணு உசிரே இதுலதான் இருக்கு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ கதி என்ன?"

மன்னிப்புக் கேட்கும்போதும் மகள்தான் முன்னால் வந்து நின்றாள். மருமகளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அணைத்த கைகளை அவள் விலக்கவில்லை. ஆனால் அவள் கை எழும்பவும் இல்லை.

"டாக்டர் இப்பத்தான் வந்துட்டுப் போனாரு அத்தை. கிட்னி தேறிடுச்சாம். சாப்பாடுதான் மறுபடியும் முதல்ல இருந்து, தண்ணி ஆகாரத்துல இருந்து. குடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதான், மாற மாட்டேன். ஆனா அதுவரைக்கும் இந்த வயித்தை உங்ககிட்ட நம்பி விட முடியாது. இங்கிருந்து நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

"நீ போயிட்டா மாவு யாரு பிசையறது?" என்றான் கூட வந்திருந்த கணவன். அவன் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல?"

மாமியார் ஃபிளாஸ்க்கை நீட்டியபடியே நின்றாள். வாங்கிக்கொள்ள ஆளில்லை.

வாசலில் நின்றிருந்த நாத்தனார் வந்து அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன் அண்ணி... எனக்கு வேண்டாம் அண்ணி உங்க கிட்னி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குவேன்?"

"உனக்கு உடம்பு முடியாமப் போனதுல இருந்து அன்னைக்கு ஒரு நாள்தான் நீ சிரிச்ச. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள், தலையைத் தடவிக்கொண்டே. அதற்குமேல் அவளாலும் அடக்க முடியவில்லை. இருவரும் அழுதார்கள்.

ஒரு மாதம் ஆயிற்று. அக்கா வீட்டில் மறுபடியும் முதல் முட்டை. மெஷினிலிருந்து நேரே வந்திருந்த நாத்தனார் எதிரே உட்கார்ந்து அவள் மெல்வதை எண்ணினாள். நாலாவது ஸ்பூனில் நெஞ்சுக்குக் கீழே லேசாக அழுத்தியது. ஸ்பூனை வைத்தாள். கிண்ணத்தில் பாதி மீதி இருந்தது. இன்னும் ஒரு வாய் என்று யாரும் சொல்லவில்லை.

"அங்க இப்ப முதல் பன்னை அம்மாதான் தின்னுது அண்ணி" என்றாள் நாத்தனார். "வேற யாரையும் தொட விடறதில்ல. உங்க நாற்காலியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். பாதிக்கு மேல இறங்க மாட்டேங்குது. தொண்டையை அடைக்குதாம்."

அவள் மீதி முட்டையைத் தட்டால் மூடி வைத்தாள்.

"தண்ணி ஊத்தி முழுங்க வேண்டாம்னு சொல்லு" என்றாள்.