வருகையின் நோக்கம்

தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்குச் செங்கமலம் திண்டுக்கல்லில் தன் வீட்டுப் பின்னறைக்குள் போய் உணர்வங்கியை மாட்டிக்கொள்வாள். பத்து நொடியில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தில் கண் விழிப்பாள். அங்கே டிராம் பணிமனைச் சுவரோரம் அவளுடைய தொலையுடல் நின்றிருக்கும். ஆள் உயரம், சாம்பல் நிறம். அவள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். அது பார்ப்பதை அவள் பார்ப்பாள், அது கேட்பதை அவள் கேட்பாள். டிராம் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பது வேலை, இரவு பத்தரை வரை. ஒன்பது வருடத்தில் ஒரு சக்கரமும் அவளை ஏமாற்றியதில்லை.

அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் மழை அவள் மேல் பட்டதில்லை. உணர்வங்கி குளிரைக் கடத்தாது.

கல்யாணமாகி இருபது வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் தனசேகரிடம் அவள் கேட்டாள்.

"என்னங்க, ஒரு தடவ நெஜமாவே போயிட்டு வருவமா?"

பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருந்த தனசேகர் நிமிர்ந்தான். "நீதான் தெனமும் போற."

"நான் போறேன், என் காலு போகல. மழையில ஒருநாளாச்சும் நனையணும். உங்களுக்கும் ஊரக் காட்டணும்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து நுழைவாய்வியை எடுத்து வந்தான். உள்ளங்கை அளவுக் கருவி. கட்டைவிரலை வைத்துப் போக வேண்டிய நாட்டைச் சொன்னால், விசா வேண்டுமா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று சொல்லிவிடும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்.

தனசேகர் விரலை வைத்தான். விசா வேண்டும், பதினொரு ஆவணங்கள், ஆறு வாரம் என்றது. செங்கமலம் வைத்தாள்.

"நார்வே செல்ல உங்களுக்கு விசா தேவையில்லை."

"பாத்தீங்களா!" அவள் கைதட்டினாள். "வேலை செய்யறவங்களுக்குச் சலுகை போல."

கருவி இன்னும் முடிக்கவில்லை.

"நீங்கள் அந்நாட்டின் குடிமகள். தற்போது இந்தியாவில் செல்லுபடியாகும் விசா இன்றித் தங்கியிருக்கிறீர்கள். கூடுதலாகத் தங்கிய காலம் நான்கு ஆண்டு, நூற்றுப் பத்து நாள். பதினான்கு நாட்களுக்குள் வெளியேற வேண்டும்."

தனசேகர் கருவியை வாங்கிச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துத் தானே அழுத்தினான். அதே குரல், அதே நாள் கணக்கு.

"வெளியேறணுமா? எங்கய்யா வெளியேறணும்? இது அவ வீடு!" என்று கருவியைப் பார்த்துக் கத்தினான்.

செங்கமலம் அவன் கையைப் பிடித்தாள். "ஏன்னு கேளுங்க," என்றாள். அவன் கேட்டான். கருவி பொறுமையாக விளக்கியது.

காரணம், மூன்று வருடத்துக்கு முன் எழுபது நாடுகள் கையெழுத்திட்ட இருப்பு உடன்படிக்கை. தொலையுடலில் வேலை செய்பவர் உண்மையில் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பெரிய வழக்கு நடந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கண்ணும் காதும் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதான் ஆள் இருக்கிறார் என்று முடிவானது. முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடம் இருந்தால் அந்நாட்டுக் குடியுரிமை தானாகவே வரும். வந்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். இரண்டையும் ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது.

அந்த வழக்கைப் போட்டது வேறு யாருமில்லை, தொழிலாளர் சங்கம்தான். எங்கே உழைக்கிறோமோ அங்கே எங்களை ஆளாக எண்ணுங்கள், ஓய்வூதியம் கொடுங்கள் என்று கேட்டது. செங்கமலமும் மனுவில் கைரேகை வைத்திருந்தாள். தீர்ப்பு வந்த அன்று தெருவுக்கே ஜிலேபி கொடுத்திருந்தாள்.

"வேலைய விட்டுடறேன்," என்றாள்.

"இழந்த குடியுரிமை வேலையை விடுவதால் திரும்பாது," என்றது கருவி. "இந்தியாவில் தங்க விரும்பினால், நீங்கள் வசிக்கும் நாட்டில் உள்ள இந்திய விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் செல்லவும். தொலையுடல் வருகை நேர்வருகையாகவே கருதப்படும்."

விண்ணப்பத்தோடு இந்தியாவில் வசிப்பவர் ஒருவரின் அழைப்புக் கடிதம் வேண்டியிருந்தது. அன்று மாலை தனசேகர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தான். விருந்தினரின் பெயர், அவருடன் பழக்கம் எவ்வளவு காலம், உங்கள் வீட்டில் எத்தனை நாள் தங்க அனுமதிக்கிறீர்கள் என்று கேள்விகள். மூன்றாவது கேள்வியில் அவன் கை நின்றுவிட்டது. அறைக்குள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் மதுவந்தி, "அப்பா ஏம்மா அழறாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். செங்கமலம் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பணிமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு, சாம்பல் நிறக் கால்களால் பெர்கன் தெருக்களில் நடந்து மையத்துக்குப் போனாள். ஒரே ஒரு கவுன்டர். வரிசையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததும் ஒரு தொலையுடல்தான். கழுத்துப் பட்டி கட்டியிருந்தது.

"வருகையின் நோக்கம்?" ஆங்கிலத்தில் கேட்டது. "சுற்றுலாவா? உறவினர் சந்திப்பா?"

"நான் அங்கேதான் இருக்கிறேன். அது என் வீடு."

"அப்படி ஒரு பிரிவு இல்லை, அம்மணி. உறவினர் சந்திப்பு என்று போடுகிறேன். அதிகபட்சம் தொண்ணூறு நாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்."

"தொண்ணூறு நாளுக்குப் பிறகு?"

"வெளியேறிவிட வேண்டும்."

அது பேசிக்கொண்டிருக்கும்போதே, அதன் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. "தோட்டத்து வெங்காயம்... வீட்டு வாசலுக்கே வருது... வாங்கம்மா, வாங்க." ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. சத்தம் நெருங்கி வந்து, நின்று, நகர்ந்தது.

செங்கமலம் கண்ணாடியில் கை வைத்தாள். "சார், நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டாள்.

எதிரில் இருந்தது கண்ணாடி அருகே குனிந்தது. "பெரம்பலூரும்மா," என்றது மெதுவாக. "பரந்தாமன்னு பேரு. இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"இந்த நாற்காலியில எத்தன வருஷமா உக்காந்திருக்கீங்க?"

"ஏழு வருஷம். ஏன்?"

"தெனமும் எத்தன மணி நேரம்?"

"ஒம்பது, சில நாள் பத்து..." பரந்தாமன் நிறுத்திவிட்டார்.

"உங்க அடையாள நம்பரப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"எனக்கு எதுக்கும்மா? நான் எங்க போகப்போறேன்?" என்றார். ஆனாலும் அவருடைய விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார்.

வெகுநேரம் அந்தச் சாம்பல் நிற உடல் அசையவில்லை. பெரம்பலூரில் அந்த அறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தமும், "என்னாச்சு உங்களுக்கு?" என்று ஒரு பெண் பதறும் குரலும் மட்டும் கேட்டன.

பிறகு அவர் எழுந்தார். 'மூடப்பட்டது' என்ற பலகையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, செங்கமலத்தின் பின்னால் நின்றார்.

"வரிசையில எனக்கு முன்னாடி நீங்க ஒருத்தர்தானம்மா?" என்று கேட்டார்.