செத்த நேரம் பாத்துக்கோங்க

தொட்டில் ஸ்பிரிங்கின் சத்தம் இன்னும் நிற்கவில்லை என்பது, மொட்டை மாடியில் பாதித் துணிகளை உருவிய பிறகுதான் முனீஸ்வரிக்கு உறைத்தது.

காதில் மாட்டியிருந்த இயர்போனில் அது சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கிறீச்... கிறீச்... கிறீச். கீழே படுக்கையறையில் தொங்கும் சேலைத் தொட்டிலை ஒருமுறை அழுத்திவிட்டால் ஸ்பிரிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், பிறகு தளர்ந்து தளர்ந்து அடங்கிவிடும். அழுத்திவிட்டு அவள் மாடியேறி, போர்வைகளை எடுத்து, பாப்பாவின் சட்டைகளை எடுத்து, காற்றில் பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்த துண்டையும் தேடி எடுத்தாயிற்று. சத்தம் மட்டும் தளரவில்லை. அப்போதுதான் அழுத்திவிட்டதைப் போலவே இருந்தது.

முதலில் அவள் பயப்படவில்லை. காரணம், பாப்பாவை அவள் தனியாக விட்டுவிட்டு வரவில்லை.

இராஜபாளையத்தில் அந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கென்று இருந்த மனிதர்கள் போனுக்குள்தான் இருந்தார்கள். யூடியூபில் குரோஷே பின்னக் கற்றுக்கொடுத்த ஒரு வகுப்பில் பழக்கமானவர்கள். வகுப்பு முடிந்த பிறகும் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்கவில்லை. மதியம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் குழு அழைப்பில் சேர்ந்துகொள்வார்கள். போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அவரவர் வீட்டில் உட்கார்ந்து பின்னுவார்கள். வீடியோ கிடையாது. பேச்சும் கொஞ்சம்தான். வத்திராயிருப்பில் பொன்மணி அக்கா வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழியும் சுர்ரென்ற ஓசையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபாயிஸா ஜன்னலுக்கு வெளியே பழ வண்டிக்காரர் கத்துவதும், மற்றவர்களுக்கும் தங்கள் வீட்டுச் சத்தங்களாகிவிட்டன. மழைகூட அவர்களுக்குப் பொதுவானதுதான்.

"ஏட்டி முனீசு, எங்க மலைப்பக்கம் கருத்துக்கிட்டு வருது. துணியெல்லாம் எடுத்துப் போடு" என்பார் பொன்மணி அக்கா.

"இங்க வெயிலு மண்டையப் பிளக்குதுக்கா."

"செத்த நேரம் இரு, உனக்கும் பார்சல் வரும்."

"அக்கா பேச்சக் கேட்டுத்தான் எங்கம்மா வடகமே காயப்போடுறாங்க. நியூஸ்ல சொல்றத நம்புறதில்ல" என்று ஃபாயிஸா சிரிப்பாள்.

அவர்களில் ஒருவரையும் முனீஸ்வரி நேரில் பார்த்ததில்லை. ஃபாயிஸா வீட்டுக்கு பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் போகத் தோன்றவில்லை. பார்த்துவிட்டால் உடம்பும் முகமும் சேலையும் நகையும் நடுவில் வந்துவிடும். குரலாக இருக்கும்வரை அவர்கள் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் நெருக்கமானவர்கள் எல்லோரும் சத்தங்களாகவே இருந்தார்கள், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பாப்பா பிறந்த பிறகு ஒரு வழக்கம் வந்தது. யோசனை பொன்மணி அக்காவுடையது. திரை விரிசல் விட்ட பழைய போன் ஒன்றைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஸ்பீக்கர் போட்டு வைத்து, அதையும் அழைப்பில் சேர்த்துவிடுவது. முனீஸ்வரி குளிக்கப் போனாலும் மாடிக்குப் போனாலும் "செத்த நேரம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். குழந்தை சிணுங்கினால் யாராவது ஸ்பீக்கர் வழியாக ஆராரோ பாடுவார்கள். திரும்பி வந்ததும் "வந்துட்டேன்" என்பாள். பொறுப்பு அவ்வளவு எளிதாகக் கை மாறும்.

"உம் மக என் குரலுக்கு மயங்கித் தூங்குறா. எம் மாமியா என் குரலக் கேட்டா எந்திரிச்சுப் போயிருறாக" என்பார் அக்கா.

இன்றும் அப்படித்தான். வானம் திடுதிப்பென்று இருட்டியது. மதியமா சாயங்காலமா என்று தெரியாத ஒரு பழுப்பு வெளிச்சம். வீட்டுக்காரர்கள் சோழபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள், கணவன் முத்துக்குமரன் மில்லில் பகல் ஷிப்டில் இருந்தான். கதவை இழுத்துச் சாத்தி, வெளிக் கொண்டியைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், "ஏ, பாப்பாவச் செத்த நேரம் பாத்துக்கோங்க. துணி எடுத்துட்டு வாரேன்."

"ம்" என்று பதில் வந்தது.

இப்போது மாடியில், கையில் துணிக்குவியலோடு, அவள் காதைக் கூர்மையாக்கினாள். ஸ்பிரிங் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல் இருந்தது. வாய் திறக்காமல், மூக்கு வழியாக மட்டும் வரும் தாலாட்டு. ம்... ம்... ம்ம்... யாரோ பாடுகிறார்கள். ஃபாயிஸாவாக இருக்கும், பின்னலில் கண்ணி எண்ணும்போது அவள் இப்படித்தான் முனகுவாள். மில்லிலிருந்து வரும் பஞ்சு வாடையும், சூடான தரையில் முதல் துளிகள் விழுந்து எழுப்பும் மண் வாடையும் கலந்து வந்தன. முனீஸ்வரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அவள் மார்பைத் தேடி, முடியைப் பற்றி, விரலைக் கடித்து யாரும் அவளைக் கேட்காத ஒரு நேரம். யாரோ பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பு வெந்நீர்போலத் தோள்களில் இறங்கியது. கண்ணைக்கூட மூடினாள்.

மூடிய கண்ணுக்குள்தான் அது தெளிவாயிற்று.

குரல் ஸ்பீக்கர் வழியாகப் பாடலாம். குரலால் தொட்டிலை ஆட்ட முடியாது.

கண்ணைத் திறந்தாள். நைட்டிப் பையிலிருந்து போனை எடுத்தாள். ஈரக்கையில் திரை சரியாகத் திறக்கவில்லை. நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். மேலே ஃபாயிஸாவின் செய்தி இருந்தது. 'அக்கா, மாமி வந்திருக்காங்க, பொறவு வாரேன்.' அது முனீஸ்வரி சோறு வடித்துக்கொண்டிருந்தபோதே வந்த செய்தி. அழைப்பில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. ஒன்று அவள். இன்னொன்று, பழைய போனுக்கு அவளே வைத்த பெயர், 'பாப்பா'.

வேறு யாரும் இல்லை.

ம்... ம்... ம்ம்...

அந்த முனகலை இப்போதுதான் அவள் உண்மையில் கேட்டாள். ஃபாயிஸாவின் குரல் எப்போதும் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், எல்லோருடைய குரலும் போனில் அப்படித்தான். இதில் அந்தத் தகரம் இல்லை. இது அறைக்குள்ளிருந்து வந்தது. மின்விசிறியின் காற்றோடும், பாப்பாவின் மூச்சோடும், ஒரே காற்றில் கலந்து வந்தது. சில சமயம் மைக்குக்கு அருகில் வந்தது. அப்போது உதடுகள் ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம்கூடக் கேட்டது.

டிங் என்றது போன். பொன்மணி அக்கா அழைப்பில் சேர்ந்தார்.

"ஏட்டி முனீசு, இங்க கரண்டும் போச்சு, டவரும் போச்சு. அப்பவே கட்டாயிருச்சு, இப்பதான் வருது. அங்க மழ எம்புட்டு?" என்றவர், நிறுத்தினார். கேட்டார். "யாரு, உங்கத்தை வந்திருக்காகளா? நல்லா ஆட்டுதாகளே."

முனீஸ்வரி திரையில் இருந்த பெயர்களை மறுபடி எண்ணினாள்.

"ஏட்டி?"

"அக்கா. வீட்டுல யாரும் இல்ல. நான் மாடில நிக்கேன்."

அந்தப் பக்கம் மழை மட்டும் பெய்தது. பிறகு அக்காவின் குரல், அவள் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல். "நீ பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டா போன?"

"ஆமா."

"யாருகிட்டச் சொன்ன?"

அழைப்பு அறுந்தது. அக்காவின் பெயர் திரையிலிருந்து அணைந்தது. முனீஸ்வரியும் பாப்பாவும் மட்டும்.

துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வெளிப்பக்கப் படிக்கட்டில் மழைத் தண்ணீர் பாசியோடு வழுக்கியது. பாதியில் விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது, எரிச்சல் தெரியவில்லை. இயர்போன் மட்டும் காதைவிட்டு விழவில்லை. அது விழுந்துவிடக்கூடாது என்று ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். முனகல் கேட்கும்வரை பாப்பா இருக்கிறாள். அது நின்றுவிட்டால்?

கதவு. அவள் போட்ட கொண்டி போட்டபடியே இருந்தது. யாரும் உள்ளே போயிருக்க முடியாது. கொண்டியை விலக்கித் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

தோளால் மோதினாள். உள்ளே, மேல் தாழ்ப்பாள் தன் துளைக்குள் லொடலொடத்தது. உட்புறம் தாழ் போடப்பட்டிருந்தது.

"பாப்பா!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "பாப்பா! யாரு உள்ள? கதவத் தொறங்க!"

முனகல் நின்றது.

ஸ்பிரிங் நின்றது.

பிறகு இயர்போனில், காதுமடலில் மூச்சு படுமோ என்னும்படி அத்தனை அருகில்:

"ஷ்ஷ்ஷ்..."

குழந்தை எழுந்துவிடும், சத்தம் போடாதே என்று தாய்மார் சொல்வது. அவளே எத்தனையோ முறை முத்துக்குமரனிடம் சொன்னது. அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கதவோடு ஒட்டி உறையவைத்தது. அதில் அக்கறை இருந்தது.

கிறீச். மறுபடி தொடங்கியது.

தெருவில் ஒரு ஆள் இல்லை. மழை ஒரு சுவரைப்போல நின்றது. கத்தினால் மில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கத்தினால் அது மறுபடி ஷ்ஷ் என்னும். ஜன்னல் பலகைகளை அவள்தான் சாத்தியிருந்தாள், கொசு வருமென்று. அவள் நெற்றியைக் கதவில் வைத்தாள். மரத்தின் ஈர வாடை. யோசி. யோசி. அவள் ஒப்படைத்தாள். 'ம்' சொன்னவர் ஏற்றுக்கொண்டார். சொன்னதைத்தான் செய்கிறார். செத்த நேரம். அவள் திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை.

எப்போதும் சொல்வதுபோலச் சொல்ல முயன்றாள். சாதாரணமாக. இயர்போன் மைக்கை உதட்டருகே பிடித்துக்கொண்டு.

"வந்துட்டேன்."

கிறீச். கிறீச்.

"நான் வந்துட்டேன். போதும். இனி நான் பாத்துக்கிடுதேன்."

ஸ்பிரிங் அடங்கியது. மின்விசிறிக் காற்று மட்டும். பிறகு தரையில் ஏதோ மெதுவாக நகர்ந்து வந்தது. காலடி இல்லை. ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதுபோல. அது இயர்போனில் கேட்டு, பிறகு கதவின் மறுபக்கத்திலும் கேட்டது.

தாழ்ப்பாள் கீழே இறங்கியது.

அவள் உடனே தள்ளவில்லை. அந்தச் சத்தம் திரும்பிப் போகட்டும் என்று காத்தாள். போயிற்று. படுக்கையறைப் பக்கமாக. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கூடம். யாரும் இல்லை. சோபாவில் பாதி பின்னிய குல்லா. படுக்கையறை. பழுப்பு இருட்டு. ஸ்டூலில் போன் மினுங்கியது. நடுவில் தொட்டில்.

முழங்கால் உயரத்தில் தொங்கும் தொட்டில் தரையை உரசுமளவு தாழ்ந்து நின்றது.

சேலையை விலக்கினாள். பாப்பா. விழித்திருந்தாள். அழவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில், சேலையின் வெறும் மடிப்பைப் பார்த்து வாயைக் குவித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி கையை உள்ளே விட்டாள். பாப்பாவுக்கு அப்பால் புறங்கை பட்ட துணி சூடாக இருந்தது. ஒருவர் நெடுநேரம் படுத்து எழுந்த பாய்போல. இல்லை. எழுந்ததுபோல இல்லை.

பிடுங்கி எடுத்தாள். மார்போடு இறுக்கினாள். பால் வாடை, பவுடர் வாடை, சின்ன இதயம் தடதடத்தது. இருக்கிறாள். இருக்கிறாள். பின்வாங்கினாள். முதுகு பீரோவில் இடித்தது.

குழந்தையை எடுத்ததும் ஸ்பிரிங் சுருங்கி, காலித் தொட்டில் விசுக்கென்று மேலே போகும்.

போகவில்லை.

ஸ்பிரிங் வளையங்கள் தனித்தனியாகத் தெரியும்படி நீண்டே நின்றன. சேலை தரையருகே அப்படியே கனத்துத் தொங்கியது. பாப்பா படுத்திருந்த குழி, அவள் பார்க்கப் பார்க்க, மெல்ல நிரம்பியது. ஒடுங்கி இடம்விட்டுப் படுத்திருந்தவர் இனித் தாராளமாகப் புரண்டு படுப்பதுபோல, துணி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புடைத்து நகர்ந்தது.

பாப்பா அவள் பிடியில் நெளிந்து, தொட்டிலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கச் சொல்லும்போது நீட்டுவதுபோல.

சேலையின் உள்ளிருந்தும், துணியை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகள் பாப்பாவை நோக்கி நீண்டன.