திரும்பி வந்த தட்டு

காலையிலிருந்து லேமுவேல் வயிற்றுக்குள் போனது ஒரு வாய்க் காப்பிதான். குடல் முறுக்கிப் பிழிந்தது. இரண்டு கையிலும் மாட்டிறைச்சித் தட்டு மணக்க, ஓடும் ரயிலின் ஆட்டத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடக்கவேண்டும். சாப்பாட்டுப் பெட்டியில் அதுதான் சட்டம். கடைசிப் பயணி வாய் துடைத்த பிறகுதான் பரிமாறுகிறவன் சாப்பிடலாம், அதுவும் தட்டில் மிஞ்சி வந்ததை.

வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது ஓட்டம். ஒமாஹாவில் மனைவி ரோடா நிறைமாதம். பரிமாறிய தட்டு தொடாமல் திரும்பினால் பரிமாறியவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று மேலாளர் கார்விக் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"என்னடா முகத்த தொங்கப்போட்டிருக்க?" சமையல்காரன் ஒபதியா அடுப்புக்கு முன்னால் வேர்த்து வடிந்தான்.

"வயித்துல ஒரு எஞ்சினே ஓடுது அண்ணே."

"ஓடட்டும். கரி கேக்காம ஓடுனா சரி."

வெளியே நெப்ராஸ்கா சமவெளியில் புழுதிக்காற்று எழுந்து நடுப்பகலை விழுங்கியிருந்தது. விளக்கு ஏற்றினார்கள். மேஜைக்கு மேஜை கண்ணாடிக் கோப்பைகள் உரசி ஓயாமல் நடுங்கின.

கதவோர மேஜையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வந்ததை லேமுவேல் பார்க்கவில்லை. தலையில் தொப்பி. தோளில் அப்பிய புழுதி. பழைய கொழுப்பும் இரும்புமாக ஒரு வாடை.

"கொஞ்சம் சீக்கிரம், தம்பி. மணி அடிக்கிறதுக்குள்ள."

லேமுவேல் திகைத்துப்போனான். வெள்ளைக்காரன் எவனும் கறுப்பனான அவனைத் தம்பி என்றதில்லை. எல்லோருக்கும் அவன் 'ஏய் பையா'தான்.

"இங்க மணியெல்லாம் கிடையாதுங்க தொரை. நிதானமா சாப்பிடுங்க."

"காசு முன்னாடியே குடுத்துட்டேன்."

இங்கே சாப்பிட்ட பிறகுதான் காசு. ஆனால் தொரையிடம் வாயாட முடியுமா? மாட்டிறைச்சி, இரண்டு ரொட்டி, காப்பி. ஓடிப்போய் எடுத்துவந்து வைத்தான்.

அந்த ஆள் முள்கரண்டியை எடுத்தான். பெட்டியில் எல்லாமே குலுங்கிக்கொண்டிருந்தன.

அவன் காப்பி மட்டும் அலையவில்லை.

மணி அடித்தது.

எஞ்சின் மணியல்ல. கைமணி. வெளியே, புழுதிக்குள்ளிருந்து.

அவன் பதறி எழுந்தான். கதவு தானாகத் திறந்து, புழுதி உள்ளே அறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் நாற்காலி காலி.

தட்டு நிறைந்தே இருந்தது.

அந்தக் கோடியில் கார்விக்கின் தலை திரும்பியது. லேமுவேல் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டு மூலைக்கு ஓடினான். நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றான். ஆவி பறக்க எடுத்துப்போன இறைச்சி சில்லிட்டிருந்தது. பல்லில் மண் நறநறத்தது. ஆனாலும் தின்றான். பசி ருசி அறியுமா?

"எந்த மேஜைத் தட்டுடா அது?" ஒபதியாவின் குரல் இறங்கியிருந்தது.

"கதவோரம்."

"அங்க யாரும் ஒக்காரல."

"ஒக்காந்திருந்தாரே! மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டாரு."

ஒபதியா கரண்டியைக் கீழே வைத்தான்.

"இப்ப தாண்டுனோமே, கூரை இடிஞ்ச கடை, அது டல்லி சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டுப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி வண்டி அங்கதான் நிக்கும். காச டல்லி முதல்லயே வாங்கிருவான். தட்ட வெச்ச மறுநிமிசம் மணி அடிச்சிருவான். சனம் பசியோட ஓடும், தொடாத தட்டு அடுத்த வண்டிக்குப் போவும். ஒருத்தன் மட்டும் விடல. நாலு நாள் பட்டினி. தட்டோட வண்டியத் துரத்துனான். சக்கரத்துல போயிட்டான்."

லேமுவேலின் வாயில் மண் கசந்தது.

"ஓட்டத்துக்கு ஓட்டம் அந்தத் தட்டு தொடாமத் திரும்பி வரும்டா. கதவத் தொறந்து அவன் விழுந்த தரையில கொட்டிருவேன், அது அவன் பங்கு. மூணு வருசமா ஒருத்தரும் வாயில வெச்சதில்ல. உங்கிட்ட சொல்லாம விட்டேனே."

"பசி அண்ணே..."

"அவனுக்கும் அதேதான்டா."

வேலை போகவில்லை. காலித் தட்டைப் பார்த்துக் கார்விக் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். திரும்பும் வழியில் டல்லி கடையைத் தாண்டியபோது கதவோர நாற்காலி காலியாகவே இருந்தது. லேமுவேல் நிம்மதியாக மூச்சு விட்டான். ஆனால் எவ்வளவு தின்றும் வயிறு மட்டும் நிரம்பவில்லை.

ஒமாஹாவில் ரோடா கதவைத் திறந்தாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கூட்டாளிய கூட்டியாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீங்க உள்ள வாங்கண்ணே. தொப்பியக் கழட்டுங்க."

லேமுவேல் திரும்பவில்லை. பழைய கொழுப்பு வாடை அவனைத் தாண்டி உள்ளே போனது.

மேஜையில் ஒரு தட்டுதான் இருந்தது, அவனுடையது. அதை எதிர்நாற்காலிப் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடுங்க தொரை," என்று கிசுகிசுத்தான். "சீக்கிரம் சாப்பிடுங்க."

முள்கரண்டி மேலெழுந்தது.

தண்டவாளமே இல்லாத அந்தத் தெருவில், வாசலுக்கு வெளியே, கைமணி அடித்தது.

ரோடா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி காலி. தட்டு தொடாமலே இருந்தது.

லேமுவேல் அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இன்னும் கடன்.