நாலும் அஞ்சும்

"நீ தொடலைன்னா, அது தானாவா மூடிக்கிச்சு?"

"அந்தக் கட்டையை நான் ஏங்க—"

"ஆறு துண்டாப் பிரிச்சு ட்ரேயில வெச்சுட்டுப் படுத்தேன், வேதா. காலையில பூட்டிக் கிடக்கு. அதுவும் நாலும் அஞ்சும் இடம் மாறி!"

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க."

வேதநாயகி வலது மணிக்கட்டை நீட்டினாள். பென்சிலில் சின்னதாக ஒரு எண். 1.

எந்த மரப் புதிரையும் பிரிக்கும் முன் துண்டுக்குத் துண்டு எண் போடுவது அவள் புருஷன் நோயலின் முப்பது வருஷப் பழக்கம். போன வாரம் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து ஏலக்கடையில் வாங்கிவந்த, ஆறு துண்டு கோத்த கருப்பு மர முடிச்சில் மட்டும் எண்கள் முன்பே இருந்தன. "என் கையெழுத்து மாதிரியே இருக்கு பாரேன்" என்று சிரித்தார். அதே வால் வைத்த 1தான் இப்போது இவள் கையில்.

"நான் எழுதல. பென்சிலே திங்கக்கிழமையிலேர்ந்து காணோம்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கழுத்துவரை சால்வை. முன்னால் காபி ஆடை கட்டிக் கிடந்தது. பொய் சொல்கிற ஆள்தான் இப்படி உட்காருவான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜோகுபாளையம் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க கட்டையும் குடும்பம் நடத்துங்க."

குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். டிசம்பர் பனியில் காக்ஸ் டவுனே நனைந்து கிடக்க, கோயிலில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு ஒத்திகை கேட்க, பென்சில் சீவலும் பழைய வார்னிஷும் கலந்த வாசனை தன் கையிலிருந்தே வருவதுபோலத் தோன்ற, எண் அழியவே இல்லை. எண்ணுக்குக் கீழே நகம் எதிலோ தடுக்கியது. மயிரிழைக் கோடு. மணிக்கட்டைச் சுற்றிலும்.

ஹாலில் சத்தம். மரத்தின்மேல் மரம் சறுக்கும் சத்தம்.

டக்.

பிரிக்கிறார். எனக்குத் தெரியாமல் பிரிக்கிறார்.

ஓடி வந்தாள். முடிச்சு ட்ரேயிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

டக். சால்வைக்குள்ளிருந்து.

"கையை வெளிய எடுங்க."

"வேணாம், வேதா."

இழுத்தாள். சால்வை விழுந்தது.

மடியில் கவிழ்ந்து கிடந்தன இரண்டு கைகளும். கட்டைவிரல்கள் இரண்டும் வெளிப்பக்கம். வலக்கையில் போட்ட கல்யாண மோதிரம் இடப்பக்கம். மணிக்கட்டுகளில் பென்சில் எண்கள். நாலு. அஞ்சு.

அவர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக் கை எழவில்லை.

வேதநாயகி மெல்லத் திரும்பி, கொண்டையை விலக்கி, விரலில் அதே மயிரிழைக் கோடு தட்டுப்பட்ட பிடரியை அவருக்குக் காட்டினாள்.

"என்னங்க... என்னையாவது சரியாப் பூட்டியிருக்காங்களா?"