சரிவில் பிடித்த கை

மூன்றாம் நம்பர் ஷூ கலைமதிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஊட்டி மார்க்கெட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காலை நீட்டிக் காட்டியபோது, அப்பன்காரன் மனோகரனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதும் மூன்றாம் நம்பர்தான். ஏழுக்கும் அதேதான். இதோ, எட்டாம் வகுப்பு.

கடைக்காரர் கணேசனுக்குச் சிரிப்பு. "ஏனுங்க, புள்ளைக்குச் சோறு போடறீங்களா இல்லீங்களா? வளர்ற வயசுல இப்படி நின்னுருச்சே!" பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். "அடி தேயவே இல்லீங்களே. நடக்கறாளா, பறக்கறாளா?"

மனோகரன் புது ஷூவைக் கட்டித் தரச் சொன்னான்.

பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் பாதையில் நடந்தார்கள். ஜூன் மாதத்துச் சாரல் முகத்தில் ஊசி ஊசியாய் இறங்க, நனைந்த தைல மரங்களின் காட்டமும் ஃபேக்டரியில் வாடிக்கொண்டிருந்த தேயிலைக் கொழுந்தின் பச்சை மணமும் கலந்து மூக்கை அடைத்தன. ஷிப்ட் முடிந்து எதிரே வந்த பெண்கள் குளிரில் புகைபுகையாய் மூச்சு விட்டுக்கொண்டு, பேசிச் சிரித்தபடி கடந்துபோனார்கள். மனோகரனின் வாயிலிருந்தும் புகை வந்தது. அவன் மகளின் வாயைப் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பயந்தாங்கொள்ளி என்று அவனை யாரும் சொன்னதில்லை. பதினைந்து வருடம் வெளியூர்க்காரர்களை ஐந்து நாள் மலைப்பாதையில் கூட்டிப்போய்க் கூட்டிவந்த வழிகாட்டி. காட்டெருமை பத்தடியில் வந்து நின்றாலும் அசையாமல் நிற்கத் தெரிந்த ஆள். ஆனால் இரண்டு வருடமாக அவன் மேலே போகவில்லை. முட்டி வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, டென்டையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு முந்தின கோடை விடுமுறையில்தான் கலைமதி அடம்பிடித்து அவனோடு மலைக்கு வந்தாள். முதல் இரண்டு நாள் எவ்வளவு நன்றாக இருந்தது! முதுகுப்பையை யாரிடமும் தரமாட்டேன் என்று மூச்சு வாங்க ஏறினாள். டென்டின் கம்பிகளைத் தானே கோத்து, ஆணிகளைக் கல்லால் அடித்து இறக்கி, "இது எங்கூடு, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று வாசலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். ராத்திரி குளிருக்குச் சாக்ஸைக் கையிலும் மாட்டிக்கொண்டு, துணிமேல் மழை தட்டுகிற சத்தத்தோடு பேசிப் பேசியே தூங்கிப்போனாள். தூக்கத்தில் உருண்டு உருண்டு உதைக்கிற பிள்ளை. காலையில் பார்த்தால் அவன் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தான்.

மூன்றாம் நாள் மதியம் கழுகுப்பாறைச் சரிவைக் கடக்கும்போது மூடுபனி இறங்கியது. இதற்கென்று ஒவ்வொரு குழுவுக்கும் அவன் முதல் நாளே ஒரு பாடம் சொல்வான். மிஸ்ட்டில் சத்தம் இடம் மாறிக் கேட்கும். மேலே இருப்பவன் கூப்பிட்டால் கீழே கேட்கும். குரலை நம்பிப் போனால் பள்ளம்தான். பிடித்த கையை மட்டும் நம்பு. பொய்யான பாடம் அல்ல அது, பல பேரைக் காப்பாற்றிய பாடம்.

எட்டுப் பேர் கைகோத்து அவன் பின்னால் வந்தார்கள். அவனை ஒட்டிக் கலைமதி. "லேஸ் அவுந்துருச்சுப்பா, ஒரு நிமிசம்" என்று இரண்டு கைகளையும் உருவிக்கொண்டாள். வரிசை நின்றது. தன் முட்டியே தனக்குத் தெரியாத அந்த வெள்ளைக்குள் அவன் கையைப் பின்னால் நீட்டிக் காத்திருந்தான். கை வந்தது. ஈரமாக, சில்லென்று. மண்ணைத் தொட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

பத்தடி போயிருப்பான். வலப்பக்கம், பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா! சறுக்கிட்டேன்ப்பா! இங்க கீழ இருக்கேன்!"

வரிசையின் கடைசியில் வந்த உதவியாள் அருள்ராஜ் கத்தினான். "அண்ணே, பாப்பா சத்தம் கீழ கேக்குதுங்களே?"

"எங் கையிலதான்டா இருக்கா. மிஸ்ட்டு. நட."

கையை அழுத்திப் பார்த்தான். அந்தக் கை திருப்பி அழுத்தியது.

முகாமுக்கு வந்து பனி விலகியபோது கலைமதிதான் நின்றாள். அதே சிவப்பு ஸ்வெட்டர், அதே சின்ன மூக்கு. இரவு டென்டுக்குள் நேராக மல்லாந்து படுத்தவள் விடியும்வரை அசையவில்லை. தூரத்தில், சரிவின் பக்கம் ஏதோ கத்திக்கொண்டே இருந்தது. கேளையாடு, அந்தக் காட்டுமான்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் ஜிப்பை இழுத்து மூடினான். கேளையாடு எப்படிக் கத்தும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஐயோ, நன்றாகத் தெரியும்.

இப்போது ஷூவோடு வந்து சேர்ந்தபோது எஸ்டேட் லைன் வீட்டில் கரண்ட் இல்லை. ஐந்து மணிக்கே ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பிக்கிடந்தது. கலைமதி நேராக உள்ளறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவன் மனைவி சுகுணா அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அதே நம்பருங்களா?"

"ம்."

"ரெண்டு வருசமா நான் அவளுக்குத் தலை சீவறதில்லீங்க. ஏன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல." அவள் குரல் தாழ்ந்தது. "கலையறதே இல்லீங்க. மலைல இருந்து எப்படி வந்தாளோ அப்படியே இருக்குது."

மனோகரன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான்.

"எம் புள்ளைய எங்கீங்க விட்டுட்டு வந்தீங்க?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவன் இரண்டு வருடமாகச் செத்துச் செத்துப் பிழைத்தான். வந்துவிட்டது. பரணில் ஏறி டென்ட் பையை இழுத்துத் தள்ளினான். கயிறு, டார்ச் லைட், இரண்டு கம்பளி. "போய்க் கூட்டியாறேன்" என்றான். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. இத்தனை நாள் கழித்து யாரைக் கூட்டி வருவது? இருந்தாலும் மனதின் ஒரு மூலை நம்பியது. நம்பாவிட்டால் எப்படி ஏறுவது?

பையைத் தோளில் மாட்டினான். கதவு. நாதாங்கியில் கை வைத்தான்.

பின்னால் காலடி கேட்கவில்லை. மூச்சும் கேட்கவில்லை. ஆனால் யாரோ நின்றார்கள். ஈர மண் வாசனை.

"மேல போகாதீங்கப்பா."

கலைமதியின் குரல். அவள் குரலேதான்.

"அங்க இப்ப யாரும் கூப்புடறதில்ல."

அவனால் திரும்ப முடியவில்லை.

"நாலு நாள் கூப்பிட்டா." பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதுபோல அத்தனை மெதுவாகச் சொன்னது. "கடைசி நாள் உங்களக் கூப்புடலப்பா. அம்மாவத்தான்."

தோளிலிருந்து பை நழுவியது. எடுக்காமல் திரும்பினான்.

சுகுணா எழுந்து வந்தாள். அலறப்போகிறாள், விளக்குமாற்றை எடுத்து அதை அடித்து விரட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். விரட்டிவிடு சுகுணா. விரட்டிவிடு. அவள் அலறவில்லை. அதன் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருடமாகத் தொடாத அந்த முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"எப்படிக் கூப்பிட்டா?"

அது வாயைத் திறந்தது. உதடு அசையவில்லை. வறண்டு, கிழிந்து, பாதி மூச்சாய் ஒரு குரல் வந்தது. நாலாம் நாள் குரல்.

"ம்மா…"

மனோகரன் காதைப் பொத்திக்கொண்டான்.

சுகுணா தன் நெற்றியை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா கூப்புடு" என்றாள்.