பத்து நிமிட டிராக்டர்

தங்கையா வீட்டு டிராக்டர் பத்து நிமிடம் ஓடும். பதினோராவது நிமிடம் நின்றுவிடும்.

ஓடவே ஓடாத வண்டி என்றால் தலைமுழுகிவிடலாம். ஓடி ஓடி நிற்கிற வண்டியை என்ன செய்வது? பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பூவிழிக்கு அந்த வாரம் முழுவதும் இதே எரிச்சல்தான்.

அது சின்ன டிராக்டர். ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்ததாம். எஸ்டேட் நிர்வாகம் பழையது என்று கழித்தபோது பூவிழியின் அப்பா தங்கையா அதை வாங்கினார். சாதாரண நாட்களில் அது காய்கறித் தோட்டங்களுக்கு உரமூட்டை சுமக்கும். ஆனால் அதன் பெருமை உரமூட்டையில் இல்லை. எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மனின் ரதத்தை இழுப்பது அந்த டிராக்டர்தான். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு முறைகூடத் தவறியதில்லை. அன்றைக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, முதுகை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தால் எஸ்டேட் துரைகூட ஒதுங்கி வழிவிடுவார்.

ரதம் சனிக்கிழமை. அன்று புதன்கிழமை.

"இந்தாங்க, முந்நூறு வெள்ளி," என்று அம்மா மோகனா பணத்தை அப்பாவிடம் நீட்டினாள். "இதுக்குள்ள முடிங்க. இதுக்கு மேல கேட்டா என் காதுத் தோட்டைத்தான் வித்துக் குடுக்கணும்."

முதலில் வந்தது சித்தப்பா மகேன். கைப்பேசியில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டால் அவர் எந்த வேலைக்கும் தயார்.

"அண்ணே, இது ஃபில்டர் அடைப்பு. நூத்துக்கு நூறு. புதுசு மாத்துனா குதிரை மாதிரி ஓடும்லா."

புது ஃபில்டர் வந்தது. சித்தப்பா மாட்டினார். டிராக்டர் கிளம்பியது. சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா?" என்றார்.

பதினோராவது நிமிடம் குதிரை படுத்துவிட்டது.

"டீசல் இருக்கா பாரு," என்றார் அப்பா.

பூவிழியின் வேலை அதுதான். அந்த டிராக்டரில் டீசல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அதனால் வண்டி நின்றபோதெல்லாம் அவள் டேங்கின் மூடியைத் திருகித் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று காட்டுவாள்.

"பாதி இருக்குப்பா."

மூடியை மூடினாள். அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி கொஞ்சம் முக்கிவிட்டுக் கிளம்பியது.

"நான் சொல்லலை? புது ஃபில்டருக்குப் பழக நேரம் வேணும்," என்றார் சித்தப்பா.

ஃபில்டர் பழகவே இல்லை. வண்டி அடுத்த பதினோராவது நிமிடமும் நின்றது.

வியாழக்கிழமை பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து மெக்கானிக் குகனேஸ்வரன் வந்தார். ஒரு குழாயைக் கழற்றி ஊதினார். வேறொன்றைக் கழற்றி முகர்ந்தார். எல்லாவற்றையும் பழையபடி மாட்டி வண்டியைக் கிளப்பினார். அது ஓடியது. அவர் கூலியை வாங்கிக்கொண்டு, வாசலில் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். அவருடைய வேன் வளைவில் திரும்பி மறைந்ததும் டிராக்டர் நின்றது.

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அப்படின்னா பம்ப் போயிருச்சு அண்ணே," என்றார் குகனேஸ்வரன். "கழட்டி ஈப்போவுக்கு அனுப்பணும். எண்ணூறு வெள்ளி ஆகும். ரெண்டு வாரம்."

அம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் மீதி இருந்ததோ நூறு வெள்ளிக்கும் குறைவு.

அன்று மாலை கோயில் தலைவர் சிவலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எதையும் நயமாகச் சொல்லத் தெரியாத மனிதர்.

"தங்கையா, மேட்டுல பாதி வழியில ரதம் நின்னா என்ன ஆகும்? அம்மனைக் கீழ உருள விடுறதா? காய்கறி லோரிக்காரர் ஒருத்தர் லோரி தர்றேன்னு சொல்லிட்டாரு. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டிக் காட்டு. இல்லன்னா லோரிதான்."

"ஓடும்," என்றார் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எவனோ ஒருவனின் லோரிக்குப் பின்னால் அம்மன் போவதை அவர் எப்படி நின்று பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே பூவிழி அவர் தட்டை மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மறுபடியும் அதே கூத்து. இந்த முறை சித்தப்பா பேட்டரி ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வண்டி நின்றது. பூவிழி மூடியைத் திறந்து குச்சியை விட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா கத்தினாள்.

"பூவு, பனி இறங்குது பாரு. கொடியில துணியெல்லாம் நனையுதுடி."

மூடியை டிராக்டர் சக்கரத்தின் மேல் தகட்டில் வைத்துவிட்டு ஓடினாள். துணியை அள்ளினாள், மடித்தாள், தம்பியின் ஒற்றைக் காலுறையைத் தேடினாள். திரும்பி வரும்போது அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் போனதும் சித்தப்பா கிளப்பிய டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாம் ஒயர்தான்," என்று சித்தப்பா அண்டை வீட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

அப்பாவின் கண் மூடியின் மேல் விழுந்தது. "டேங்கைத் திறந்து போட்டுட்டா போன? மழைத் தண்ணி விழுந்தா அதுவும் சேர்ந்துக்கும். மூடு."

பூவிழி மூடினாள். பதினோராவது நிமிடம் வண்டி நின்றது.

சித்தப்பா ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டு வாழைமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா அடுப்படிப் பக்கம் போனார். பூவிழியும் பின்னால் போனாள். அம்மா தேநீருக்காகப் பால் டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டாள். எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.

"ரெண்டு ஓட்டை எதுக்கும்மா?"

"ஒண்ணு போட்டா பால் வராது. காத்து உள்ள போனாத்தானே பால் வெளிய வரும்."

பூவிழி அப்படியே நின்றாள். பிறகு தேநீரை மறந்து டிராக்டரிடம் ஓடினாள்.

மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். இத்தனை நாள் கேட்ட சத்தம்தான், கவனித்தது இன்றைக்குத்தான். டேங்க் மூச்சு வாங்குகிறது. அப்படியென்றால் மூடியிருக்கும்போது மூச்சு இழுக்க வழியில்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. வெளிப்பக்கம் அந்தத் துளை இல்லை. அங்கே இருந்தது சந்தனம். அதன் மேல் குங்குமம். அதற்கும் மேல் மறுபடி சந்தனம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா டிராக்டரின் உடம்பெல்லாம் பொட்டு வைப்பார். வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். வருடத்துக்கு ஒரு அடுக்காக ஏறி, போன ஆயுத பூஜையில் கொஞ்சம் தாராளமாகவே வைத்ததில், அது மெல்லக் காய்ந்து இப்போது சிமெண்டாகிவிட்டது.

பூவிழிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்நூறு வெள்ளியில் இருநூறுக்கு மேல் போய்விட்டதே.

கத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் மோட்டார் சத்தம். தலைவர் சிவலிங்கமும் கோயில் ஆட்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பூவிழி வாயை மூடிக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் அப்பா வைத்த பொட்டுதான் வண்டியைக் கெடுத்தது என்று சொன்னால் அப்பாவின் முகம் என்ன ஆகும்?

"அப்பா, கொஞ்சம் வாங்களேன்."

"இப்ப என்ன உனக்கு? ஆளுங்க வந்திருக்காங்க."

"ஒரே நிமிஷம்பா."

அப்பா உர்ரென்று வந்தார். அவள் மற்றவர்களுக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு மூடியைக் காட்டினாள். பால் டின் விஷயத்தைச் சொன்னாள். அப்பா உள்பக்கத்தைப் பார்த்தார். வெளிப்பக்கத்தைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"சாமி சந்தனம். துடைக்கக்கூடாது," என்றார் கடைசியில்.

"துடைக்க வேணாம்பா. ஒரே ஒரு குத்து போதும்." சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினாள்.

அப்பா அதை வாங்கி, மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்பக்கமிருந்து மெல்லக் குத்தினார். குங்குமத்தின் நடுவில் ஊக்கின் முனை எட்டிப் பார்த்தது.

டிராக்டர் கிளம்பியது. பதினோராவது நிமிடம் அது நிற்கவில்லை. இருபதாவது நிமிடம் சித்தப்பா வாழைமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். ஒரு மணி நேரம் ஆனபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாதான் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"சரி, என்னதான் கோளாறு?" என்றார் தலைவர்.

"ஃபில்டர்," என்றார் சித்தப்பா. "ஒயரும்."

பூவிழி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டிவிட்டால் போதும், கதை அத்தோடு முடிந்துவிடும்.

அப்பா முதுகை நிமிர்த்தினார். "ரெண்டும் இல்லை. நான் வச்ச சந்தனம் டேங்க் மூச்சை அடைச்சிருச்சு. கண்டுபிடிச்சது என் மக."

கோயில் ஆட்கள் சிரித்தார்கள். "பக்தி முத்திப் போச்சு தங்கையா," என்றார் ஒருவர். "வண்டிக்கே மூச்சு முட்டுற அளவுக்கா?"

"ஆமா," என்றார் அப்பா. "முட்டிருச்சு."

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் தன் மோட்டாரிடம் போய், பெட்ரோல் டேங்க் மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தார்.

சனிக்கிழமை ரதம் புறப்பட்டது. கோயிலிலிருந்து கீழ் லைன் வீடுகள் வரை, அங்கிருந்து தேயிலை மேட்டைச் சுற்றித் திரும்பவும் கோயில் வரை இரண்டரை மணி நேரம். பூவிழி மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நடந்தாள். மேட்டில் ஏறும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிராக்டர் தன் மூச்சைத் தாராளமாக விட்டுக்கொண்டு ஏறியது.

ரதம் கோயில் வாசலுக்கு வந்ததும் அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. அந்த வாரத்தில் அவர் நிறுத்தி அது நின்றது அதுதான் முதல் முறை.